கடுகின் கோபம்

கிண்ணத்தை அவள்தான் தரையில் வைத்தாள்.

சோபாவில் பெரியப்பாவும் பெரியம்மாவும். எதிரே கீழ்வீட்டுக் கோகிலா அக்கா, மடியில் மகள் இதழினியோடு. கதவோரம் காபி டம்ளருடன் அப்பா.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

விருந்தாளிகள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறவள். பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு இன்னும் அதிகம். பொண்ணு என்ன பண்ணுது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அப்பா மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

நாய்க்குட்டி வந்த பிறகுதான் அவளை வெளியே கூப்பிடுகிறார்கள்.

"அம்மிணி, அந்தக் கோவத்தக் கொஞ்சம் காட்டு. உங்க பெரியம்மா இன்னும் பாக்கல," என்றார் அப்பா.

குட்டியின் பெயர் கடுகு. பொமரேனியன். எழுந்து நின்றாலும் அவள் கணுக்காலைத் தாண்டாது. பால்சோற்றில் முகத்தைப் புதைத்திருந்தது.

அவள் ஒரு விரலைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள்.

தின்பது நின்றது. முகம் கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது. அங்கிருந்து உறுமல் வந்தது.

கிண்ணத்தைச் சற்று இழுத்தாள். முதுகு மயிர் சிலிர்த்தது. ஒரு பக்கத்து உதடு மேலேறியது. அரிசி நுனி போன்ற பற்கள்.

"அடேங்கப்பா! நாயின்னு சொல்லிப்போட்டு புலியல்ல வளத்தறீங்க!" பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு ரோசத்தப் பாருங்க," என்றாள் பெரியம்மா.

அவளும் சிரித்தாள். இழுத்தாள். விட்டாள். மறுபடியும் இழுத்தாள்.

குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த தூரத்திலிருந்து அது தெரியாது.

வந்த புதிதில் அது உறுமவில்லை. கிண்ணத்தைத் தொட்டால் வாலை ஆட்டும். விரலில் ஒட்டிய சோற்றையும் நக்கும். ஒருநாள் அவள் விளையாட்டாக இழுத்தபோது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அப்பா சிரித்தார். அவளைப் பார்த்து அப்பா சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

மறுநாளும் இழுத்தாள். அதற்கு மறுநாளும்.

பெரியம்மா கைபேசியை எடுத்தாள். பேரன் தவழும் படம். தலைகள் எல்லாம் அங்கே குனிந்தன.

அவளை யாரும் பார்க்கவில்லை.

இதழினி மட்டும் மடியிலிருந்து வழுக்கி இறங்கி வந்தாள். பக்கத்தில் குந்தினாள். காதில் வாயை வைத்தாள்.

"நானு?"

குழந்தை செய்தால் இன்னும் சிரிப்பார்கள். எல்லாத் தலைகளும் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பும்.

"வை. ஒண்ணும் பண்ணாது."

அதைக் காதோடுதான் சொன்னாள்.

குழந்தை விரலை வைத்தாள்.

இம்முறை உறுமல் இல்லை.

அலறல் கேட்டுத்தான் எல்லோரும் திரும்பினார்கள். கிண்ணம் கவிழ்ந்திருந்தது. பால் சோபாவின் காலைத் தேடி ஓடியது. அதில் இரண்டு சொட்டுச் சிவப்பு.

பெரியம்மா காயத்தில் அப்பக் காபித்தூள் எடுத்துவர ஓடினாள். அதெல்லாம் வேண்டாம் என்று கோகிலா அக்கா குழந்தையைத் தூக்கிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சோப்புப் போட்டுக் கழுவியும் நுரை சிவப்பில்லாமல் வெளியேற நேரமாயிற்று. அப்பா குட்டியை அள்ளிப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஊசி போட்டிருக்குதுங்களா இதுக்கு?" குழாயடியிலிருந்து கோகிலா அக்கா கேட்டாள்.

"இன்னும் போடலீங்க." அப்பாவின் குரல் இறங்கியது. "பாப்பாவ இப்பவே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயர்லாம். நான் வண்டிய எடுக்கறேன். வந்ததும் அந்தச் சனியன எங்கியாச்சும் கொண்டுபோயி விட்டர்றேன்."

"அதென்னங்க பண்ணும், வாயில்லாத சீவன். இவதான் சோத்துக்குள்ள கைய வுட்டா."

கோகிலா அக்கா குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"திங்கற நாயிகிட்டப் போகாதன்னு எத்தனவாட்டி சொல்லியிருக்கறேன்? ஆருடி உன்னய வெக்கச் சொன்னது?"

இதழினி அழுகையை நிறுத்தினாள்.

நிறுத்திவிட்டு, கிண்ணத்தருகே இருந்த அவளைப் பார்த்தாள்.

கைகாட்டவில்லை. அக்காவே சொல்லிவிடுவாள் என்று காத்திருப்பது போலப் பார்த்தாள்.

இரண்டே சொல். நான்தான் சொன்னேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் குனிந்தாள். தரையில் சிதறியிருந்த பருக்கைகளைப் பொறுக்கினாள். துடைத்து எடுத்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"கேக்கறனல்ல? தானா போயித்தான வெச்ச?"

இன்னொரு அடி விழுந்தது. அவள் நிமிரவில்லை.

குழந்தையின் குரல் கேட்டது. "ஆமா."

"பாரு, ஆசையா வளத்தற நாயி. உன்னால அதத் தொரத்தப் பாக்கறாங்க. அக்காகிட்ட சாரி சொல்லு."

பிஞ்சுக் கால்கள் பருக்கைகளின் அருகே வந்து நின்றன. விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. விக்கல் இன்னும் அடங்கவில்லை.

"சாரிக்கா."

ஏதாவது சொல்லியாக வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல கண்ணு."

குரல் நடுங்கவே இல்லை. பெரியம்மாகூட, நல்ல பொண்ணு, என்றாள்.

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீரைத் துடைக்கக் கை நீட்டினாள்.

இதழினி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.