பானைக்கு வைத்த மை

“பானைய யாருக்கா துலக்குனது?”

அப்பளசாமி என் காதோரம் வந்து கேட்டான். கோபமாகக்கூட இல்லை. எழவு வீட்டில் விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டான்.

வேறு யார் துலக்குவார்கள்? நான்தான். ஆயாக் கொட்டகையில் பதினாலு பிள்ளைகளைப் பார்த்து, பால் காய்ச்சி, பாத்திரம் கழுவ இந்தத் தோட்டத்தில் நவமணியை விட்டால் யார் இருக்கிறார்கள்? தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ரெங்கசாமி வருகிறார் என்று முதல் நாளே அடுப்பைக் கழுவினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அலுமினியப் பானையைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்தேன்.

கறுப்புதான் வெயிலைக் குடிக்குமாம். பளபளவென்று இருந்தால் அத்தனையையும் திருப்பி அடித்துவிடுமாம். இரண்டு வாரமாகப் பானையைத் தொடாதே, தொடாதே என்று அவன் சொன்னது இதற்குத்தானாம்.

மண்டு. காரணத்தையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அவன் இஞ்சின் கொட்டகை ஃபிட்டர். கோலா சிலாங்கூர் சந்தையில் கருவாடு சுற்றிக் கொடுத்த காகிதத்தில், பிரெஞ்சு நாட்டில் ஒரு மலைப்பக்கம் கண்ணாடிகளை வைத்தே இரும்பை உருக்குகிறார்கள் என்று படித்தான். அன்றைக்குப் பிடித்த பித்து. ரப்பர் பால் டாங்கியின் குழிந்த பழைய மூடி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். உடைந்த கண்ணாடி வீட்டில் இருந்தால் ஆகாது என்று, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமே அள்ளிக் கொடுத்தது. இருநூறு துண்டுக்கு மேல் இருக்கும். ரப்பர் பாலைத் தடவியே ஒட்டினான்.

ஒட்டி முடித்த அன்று, வெளிச்சமெல்லாம் வந்து சேருகிற இடத்தில் ஒரு காய்ந்த இலையைக் காட்டினான். பொசுக்கென்று பற்றிக்கொண்டது. நானும் வாயைப் பிளந்துகொண்டு பத்து இலை கொளுத்திப் பார்த்தேன்.

எனக்கு இரும்பு உருக வேண்டாம். தண்ணீர் கொதித்தால் போதும். பிள்ளைகள் தூங்குகிற அதே கொட்டகைக்குள்தான் விறகடுப்பு. கங்காவின் எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் அடிக்கிறது. அடுப்பை வெளியே எடுத்து அதற்கு ஒரு தனிக் கூரை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

கிராணி சிரித்தார். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் அப்பளசாமியின் கண்ணாடியில் தண்ணீர் கொதிக்கட்டும், துரைக்கு எழுதுகிறேன் என்றார். கொதிக்காவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

இப்போது மணி பதினொன்றரை. கிராணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கரிக்கு எங்கே போவது? அடுப்பில் பொட்டுக் கரி இல்லை. ஆட்கள் வேலைக்குப் போய்விட்டதால் லயத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கங்காவின் குழந்தை என் இடுப்பில் இருந்தது. அதன் கன்னத்தில், காலையில் நான் வைத்த திருஷ்டிப் பொட்டு.

அலமாரியிலிருந்து மை டப்பாவை எடுத்தேன். பதினாலு கன்னத்துக்கும் தினம் வைக்கிற மை. விளக்கெண்ணெய் தீபத்தில் புகை பிடித்து நானே செய்தது. பானையின் அடியிலும் பக்கத்திலும் மொத்தத்தையும் வழித்து அப்பினேன்.

பானைக்கும் திருஷ்டி உண்டா ஆயா என்று கிராணி கேட்டார். ஆமாம், உங்கள் கண்ணுக்குத்தான் என்றேன்.

அப்பளசாமி பானையை வெளிச்சம் வந்து சேருகிற இடத்தில் மாட்டினான். எண்ணெய் கொஞ்சம் புகைந்து அடங்கியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் நகர நகர அவன் டாங்கி மூடியை விரற்கடை விரற்கடையாகத் திருப்பிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. எந்தப் பிள்ளையும் அழவில்லை, அது ஓர் அதிசயம்.

தண்ணீர் மெல்ல முனகத் தொடங்கியபோது கிராணி வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு என்றார்.

நான் இஞ்சின் கொட்டகைப் பக்கம் காதைத் திருப்பினேன்.

ஆனால் சங்கு ஊதவில்லை.

கிராணி வாட்சை உதறிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். அது எண்பத்திரண்டாம் வருஷம். ஜனவரியில் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியதிலிருந்து அவருக்குத் தன் வாட்ச் மேல் நம்பிக்கை போய்விட்டது. தோட்டத்துக்குச் சங்கு சொல்வதுதான் மணி. முள்ளை ஐந்து நிமிடம் பின்னுக்குத் திருப்பி வைத்தார்.

அது மறுபடியும் பன்னிரண்டுக்கு வந்தது. அப்போதும் சங்கு இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் பின்னுக்குத் திருப்பினார்.

அப்பளசாமி தலையைத் தூக்கவே இல்லை. பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பானையின் மூடி தடதடவென்று ஆடியது.

கிராணி எழுந்து வந்து குனிந்தார். ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி வெளுத்துப் போனது. துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, சங்குக்கு முன் கொதித்தது என்று எழுதினார். ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான், அந்த விஷயத்தில் மனுஷர் நல்லவர். நான் கங்காவின் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன்.

அப்பளசாமி நின்று ரசிக்கக்கூட இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். இத்தனை பாடுபட்டுவிட்டு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எங்கே ஓடுகிறாய் என்றேன்.

அவன் கிராணியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சங்கு ஊதணும்க்கா. எல்லாரும் பசியோட நிப்பாங்க.”

நான் பிள்ளைகளுக்குப் பாலைக் கலக்கி முடிப்பதற்குள், இஞ்சின் கொட்டகைப் பக்கமிருந்து சங்கு நீளமாக ஊதியது.

கிராணி வாட்சைப் பார்த்தார்.

“இப்பதான் சரியா இருக்குலா” என்றார்.