தேய்ந்த முறுக்காணி

"உது செபநாயகத்தின்ரை கிற்றார்தானே? மறைக்காமல் சொல்லும் தம்பி."

மணிக்கூடு திருத்தும் ஜவாஹிர் அரத்தைக் கீழே வைத்தார். விரித்த குடையோடு கடைக்குள் வந்து நின்றவர் சுருட்டு வியாபாரி நீக்கிலாப்பிள்ளை.

அவருடைய மகள் அற்புதராணிக்கும் பருத்தித்துறைத் தபால் கந்தோரில் வேலை பார்க்கும் செபநாயகத்துக்கும் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோவில் பூசையில் சுவாமியார் ஓலை வாசிப்பாரே, அதில் முதலாவதும் வாசித்தாயிற்று. இந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை கிற்றாரும் கையுமாக இந்தக் கடைக்குள் நுழைந்ததாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். கிற்றார் என்றால் அவருக்குக் கள்ளுத் தவறணைதான் ஞாபகம் வரும். அவருடைய தம்பி பாட்டும் கூத்துமாகக் குடித்தே செத்தவர்.

நீக்கிலாப்பிள்ளை மேசையில் கழற்றிக் கிடந்த முறுக்காணிகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கம்பியை இழுத்துப் பிடிக்கும் பித்தளைச் சில்லில் பல் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இப்பிடித் தேயிறதெண்டால் இராப்பகலா வாசிச்சிருக்கவேணும். இப்பவே சுவாமியிட்டைச் சொல்லி ஓலையை நிப்பாட்டப்போறன்."

ஒரு சில்லு ஒரு கல்யாணத்தைக் குழப்பி ஜவாஹிர் கேள்விப்பட்டதில்லை. பொய் சொல்லவும் அவருக்கு வராது.

"அல்லாஹ் அறிய, அவர் கொண்டுவந்து தந்தவர், அவ்வளவுதான் அண்ணை. பொருள் வேறை ஆளின்ரை. அவருக்கு ஒரு கம்பி தட்டவும் தெரியாது."

பழைய சுவர் மணிக்கூட்டின் சில்லில் புதிதாகப் பல் வெட்டிப் போடுவதாகவும், எந்தக் கம்பியை எவ்வளவு முறுக்குவது என்று கேட்டதற்கு மாப்பிள்ளை திருதிருவென்று முழித்ததாகவும் சொன்னார். வாசிக்கிறவர்களுக்கு இடக்கை விரல் நுனி காய்த்துப் போயிருக்கும், நிச்சயத்தன்று நீங்கள் பார்க்கவில்லையா என்றும் கேட்டார்.

நீக்கிலாப்பிள்ளை யோசித்தார். மாப்பிள்ளையின் விரல்கள் பிஞ்சு வெண்டிக்காய் மாதிரி இருந்தது ஞாபகம் வந்தது. போன உயிர் திரும்பி வந்தவராக மர வாங்கில் உட்கார்ந்தார். ஆருடைய பொருள் என்று மட்டும் விசாரித்தார். மரியாதையான வீட்டுப் பொருள், பேர் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள் என்றார் ஜவாஹிர்.

"எனக்கேன் அந்தப் பேர். அந்த வீட்டுத் தகப்பனை நினைக்கத்தான் பாவமாக் கிடக்கு. பிள்ளையைக் கவனிச்சு வளர்த்திருக்கவேணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவ்வளவு நேரமும் பின்னறையில் மூச்சுக் காட்டாமல் நின்ற செபநாயகம் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தான். வேலை முடிந்ததும் கிற்றாரை எங்கே அனுப்புவது என்று ஜவாஹிர் கேட்டார்.

"பருத்தித்துறைக்கு என்ரை வீட்டுக்கே அனுப்புங்கோ நானா. தகப்பன் கடைக்குப் போற நேரம் பாத்துப் பாத்து வாசிச்சது போதுமெண்டு அற்புதராணி சொல்லிவிட்டவ."