மீன் சங்கு

படகு உடைந்து ஒதுங்கிய மணல்திட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிரெனடா மீனவன் ஆல்பன் சங்கை எடுத்து, விட்டு விட்டு ஊதுகிறான். வெயிலில் கண் கூசும் கடலில், தூரத்துப் பாய்மரப் படகிலிருந்து இருவர் சிரித்தபடி கையசைக்கிறார்கள். படகு நிற்கவில்லை. “யோவ், ஊர்ல மீன் விக்கத்தான இப்படி ஊதுவ! வேணாம்னு கையாட்டிட்டுப் போறானுங்க பாரு!” மனைவி வெர்லின் சங்கைப் பிடுங்குகிறாள். வெடித்த உதட்டில் இரத்தம் கசிய, ஒரே மூச்சாக நீளமாக ஊதுகிறாள். “ஐயோ அம்மா, அது செத்தவங்களுக்கு ஊதுறது!” மகள் கெசியா காதைப் பொத்திக்கொள்கிறாள். வெர்லின் நிறுத்தவில்லை. அங்கே அசைந்த கைகள் இறங்குகின்றன. இருவரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள். பிணத்தை ஏற்றிக்கொள்ள, படகு இந்தப் பக்கம் திரும்புகிறது.