ஒரே செட்டு

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே என் மனைவி. வெளியே அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடக்க, என்னை ஒட்டினாற்போல் வந்து உட்கார்ந்தார் என் சகலை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷம் ஆகிறது.

காரணம் சின்னது என்பார்கள். எனக்குச் சின்னதில்லை. ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், "நானும் சகலையும் வயசுல ஒரே செட்டு" என்று பெருமையாகச் சொன்னேன்.

"எந்த செட்டு, பம்ப் செட்டா?" என்றார் இவர்.

நான் பம்ப் மெக்கானிக். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் பொடிசு வரைக்கும் எனக்குப் பெயர் 'பம்ப் செட்'.

அப்படிப்பட்ட மனுஷன், இந்த நேரத்தில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சகலை, இந்த 'செட்'டுங்கற வார்த்தை இருக்கே..."

நான் பார்த்த பார்வைக்கு வேறு ஆளாக இருந்தால் எழுந்து போயிருப்பார்.

"இங்கிலீஷ்ல அதுக்கு இருக்கற அர்த்தம் கொஞ்சநஞ்சமில்ல. பெரிய அகராதியில பக்கம் பக்கமாப் போகும். சூரியன் அடைஞ்சா செட். சிமென்ட் இறுகினா செட். உடைஞ்ச எலும்பைச் சேர்த்து வெச்சா செட்."

"உள்ள என் பொண்டாட்டி வயித்தைக் கிழிச்சுக்கிட்டு இருக்காங்க."

"கிழிக்கல சகலை. ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுக்கறாங்க. அதுக்கு வெச்சிருக்கற கருவியும் ஒரு செட்தான்."

எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. மகளின் பிரசவத்தின்போது இதே மாதிரி ஒரு வராந்தாவில் மயங்கி விழுந்தேன். குழந்தையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இன்று காலையிலும், "அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, இதயம் கொஞ்சம் பலவீனம், மயக்க மருந்தைத் தாங்கணும்" என்று டாக்டர் சொன்னபோதே எனக்குக் காது அடைத்தது.

இவ்வளவும் இந்த வாத்தியாருக்குத் தெரியும். இருந்தும் வாயை மூடவில்லை.

என் மனைவியைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சரில் போகும்போது இவரைத்தான் கிட்டே கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னாள். என்னிடம், "எங்கயும் எழுந்து போகாதீங்க" என்றதோடு சரி.

"இதுல வேடிக்கை என்னன்னா சகலை, அது ஒரே வார்த்தை இல்ல. ரெண்டு. ஒண்ணு பழைய இங்கிலீஷ். உட்கார வைக்கறதுன்னு அர்த்தம். இன்னொண்ணு லத்தீன்ல பொறந்து, பிரெஞ்சு வழியா வந்தது. ஒருத்தர் பின்னால போற கூட்டம். ரெண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரே பேர்ல ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணுது. நம்மள மாதிரி."

"நம்மள மாதிரின்னு சொல்லாதீங்க. உங்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். செட் ஆகல."

பல்லைக் கடித்தேன். உள்ளே இருப்பவள் வெளியே வரட்டும், இந்த ஆளை இனி வீட்டு வாசல்படி மிதிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் பாட்டுக்கு எலிப்பொறி வைப்பது செட், கடிகாரத்தைத் திருத்துவது செட், டென்னிஸில் செட் என்று போய்க்கொண்டே இருந்தார்.

திடீரென்று தியேட்டர் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் ஓட்டமாக வெளியே போனார். ரத்தப் பை ஒன்றோடு அதே ஓட்டமாகத் திரும்பினார். கதவு மூடியது.

சுவர் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது.

"சகலை," என்று தோளைத் தட்டினார் இவர். "ரொம்ப நாளாக் கேக்கணும்னு. உங்க வாய்ல இருக்கற பல் செட்டு மேல மட்டுமா, கீழயும் உண்டா?"

அவ்வளவுதான். சாய்ந்த சுவர் நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"யோவ் வாத்தி, நீயெல்லாம் மனுஷனாய்யா? பல்லு போனவன் நான். உனக்குப் புத்தியே போச்சு. இன்னொரு வார்த்தை பேசினே..."

"ஆஸ்பத்திரியில சத்தம் போடாதீங்க சார்," என்றார் காவலாளி. அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

அந்தச் சண்டை முடிவதற்குள் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. நடுவுல கொஞ்சம் ரத்தம் தேவைப்பட்டுது. இப்ப ஒரு பயமும் இல்ல," என்றார்.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். நர்ஸ் வந்து கூப்பிட்டார்.

"வாத்தியார் தம்பிங்கறது யாரு? அவரைத்தான் முதல்ல கேக்கறாங்க."

தாலி கட்டியவன் நான் இங்கே நிற்கிறேன். இவரைக் கேட்கிறாளாம். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம், ஈனக்குரலில் கேட்டாள்:

"ஆள் விழாம நிக்கறாரே தம்பி. நான் சொன்ன மாதிரி கடைசி வரைக்கும் கோவத்துலயே வெச்சிருந்தீங்களா?"

"ஒரு நிமிஷம் ஆற விடலக்கா," என்றார் சகலை, கிழிந்த சட்டைப் பையை நீவிக்கொண்டே.