இராஜினாமா

“அந்த நீதவான வேலையில இருந்து அனுப்ப வேணாம்னு நீங்களேவா சொன்னீங்க?”

கண்டியில் விசாரணை நடந்த கட்டடத்தின் படியிலேயே கணவனை நிறுத்திக் கேட்டாள் நிஷாந்தி. இடுப்பில் குழந்தை.

நடராஜா தலையை மட்டும் ஆட்டினான்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா?”

நடராஜா புசல்லாவை பஸ் ஒன்றின் சாரதி. நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தியதற்காகப் பொலிஸ்காரர் ஒருவரோடு வாய்த்தகராறு. அது வழக்கில் போய் முடிந்தது. அந்தக் குற்றத்துக்குச் சட்டப்படி சில மாதங்கள்தான் சிறை. நீதவானோ சட்டப் பிரிவை மாற்றிப் பிடித்து இரண்டு வருஷம் போட்டுவிட்டார். மடவளையைச் சேர்ந்த லோயர் ரபீகா மேல் நீதிமன்றத்துக்குப் போய் அவனை வெளியே எடுப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அதற்குள் நிஷாந்தி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெற்றாள். குழந்தைக்கு அப்பாவைக் கண்டால் இன்னும் அழுகைதான்.

நீதவான் மேல் முறைப்பாடு கொடுக்க வைத்ததும் அவள்தான்.

“ஜட்ஜ் மேலயே பெட்டிசனா?” என்று ஊரே பயமுறுத்தியது.

“நாம தப்பு செஞ்சா உள்ள போடுறாங்க. அவங்க செஞ்சா மட்டும் யாரும் கேக்கக் கூடாதா?” என்று நின்றாள்.

அப்படிக் கொண்டுவந்த விசாரணையில் சாட்சி சொல்லப் போன மனுஷன், இப்படிச் செய்துவிட்டு வந்து நிற்கிறான்.

நிஷாந்தி ரபீகாவின் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், நீங்களும்தானே கூட இருந்தீங்க?”

“இருந்தேன். உள்ளுக்குப் பேசினத இப்ப வெளிய சொல்ல ஏலாது, நிஷாந்தி. கொஞ்சம் பொறுங்க.”

“நான் பொறுத்தது போதாதா மிஸ்?”

அப்போது அந்த நீதவான் படியிறங்கி வந்தார். நடராஜாவைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல நினைத்தவர், சொல்லாமலே குனிந்த தலையோடு காரில் ஏறினார்.

“பாத்தீங்களா? ஒரு மன்னிப்புக் கேக்கக்கூட அந்தாளுக்கு வாய் வரல.”

குழந்தையை இறுக்கிக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

செய்தி புசல்லாவைக்குப் பரவ நேரம் எடுக்கவில்லை. தேத்தண்ணிக் கடை செல்லப்பா அவளிடமே கேட்டுவிட்டார்.

“என்னம்மா, பெரிய இடமாச்சே. ஏதாவது கைமாறிச்சா?”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்ப வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!”

“வேலை முடியட்டும், நிஷா.”

“என்ன வேலை?”

நடராஜா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான்.

வாரங்கள் போயின. செல்லப்பா இன்னொரு செய்தி கொண்டுவந்தார்.

“அந்த ஜட்ஜ் இன்னமும் கோர்ட்டுக்கு வாராராம். வழக்கு ஒண்ணும் கேக்கிறதில்லையாம். அறைக்குள்ளேயே உக்காந்திருக்காராம். நல்ல வேலைதான், என்ன?”

நிஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கூடவே, முடியை ஒட்ட வெட்டிய ஓர் இளைஞன்.

“நடராஜா வீடு இதுதானுங்களா? நாங்க ஹுன்னஸ்கிரியவில இருந்து வாரோம். என் பேரு ரத்தினம்மா. இது என் மகன் சுதேஷ்.”

சத்தம் கேட்டு நடராஜா வெளியே வந்தான். “அண்ணே!” என்று இளைஞன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

நிஷாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உள்ள நாங்க ஒரே செல்லுல இருந்தோம், அக்கா,” என்றான் சுதேஷ். “எனக்கும் தீர்ப்புச் சொன்னது அதே நீதவான்தான். அதே பிரிவுதான். என்னைய மாதிரி இன்னும் நெறையப் பேரு. நாங்க இருக்க வேண்டிய காலம் எப்பவோ முடிஞ்சிருச்சு. அது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் லோயர் வைக்க வழியில்ல.”

“அப்புறம்?”

“முந்தாநாள் எங்க எல்லாரையும் மேல் நீதிமன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த நீதவானே எழும்பி நின்னாரு. ‘இவங்களுக்கு நான் போட்ட தண்டனை சட்டத்துக்கு மாறானது. பிழை என்னுடையது’ன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாரு. அப்பவே எங்கள விட்டுட்டாங்க. அவரும் அன்னைக்கே வேலையை விட்டுட்டாரு.”

ரத்தினம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“விசாரணை அன்னைக்கே இராஜினாமா குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடத்தான் அவரு பாத்தாராம். போயிருந்தா விசாரணை அதோட முடிஞ்சு, இவங்க எல்லாம் உள்ளேயே கெடந்திருப்பாங்களாம். ரபீகா மிஸ் நேத்துத்தான் சொன்னாங்க. ‘ஐயா இப்ப போகக் கூடாது. இதே மாதிரி உள்ள கெடக்கிறவங்கள எல்லாம் தேடி எடுத்து வெளிய விட்டுட்டுத்தான் போகணும்’னு ஒருத்தர் பிடிவாதமா நின்னாராம். அவரு வீடு இதுதானே தாயி?”

நடராஜா கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

நிஷாந்தி முந்திக்கொண்டாள்.

“ஆமாங்கம்மா. அவரு வீடு இதுதான். உள்ள வாங்க!”