மறுநாள் தலைவலி

கிழக்குத் தாம்பரத்து வீட்டில் அன்று இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் தேவானந்தம், மனைவி ரத்தினபாய், மகள் அமலராணி, அவளைப் பெண் பார்க்க வந்த வில்பிரட், அவனோடு ஒட்டிக்கொண்டு வந்த முந்தின நாள் சாராயத்தின் தலைவலி.

“மதுவிலக்குன்னா உயிரை விடுற குடும்பம். வாயைத் திறந்து கெடுத்துக்காதே,” என்று தரகர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வில்பிரட்டுக்கு அமலராணியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

“தம்பியும் இங்கிலீஷ் டியூட்டராமே. குடிச்ச மறுநாள் வர்ற தலைவலிக்குப் பழைய இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை உண்டு, தெரியுமா?” என்றார் தேவானந்தம்.

கிராப்புலன்ஸ். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். “தெரியாது சார்.”

“ஓயாம குடிக்கிறவனுக்கு?”

பிபுலஸ். “அந்தப் பக்கமே போனதில்லை சார்.”

தேவானந்தத்தின் முகம் தொங்கிப்போனது. “சரி, சொல்லி அனுப்புறோம்.”

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் குரல் கேட்டது.

“இவனும் பச்சைத் தண்ணிதான் ரத்தினபாய். சர்க்கார் குடுத்த குடி பர்மிட்ல வாங்குற பிராந்தியை இன்னும் எத்தனை காலம் நான் ஒண்டியா குடிக்கிறது? வேற மாப்பிள்ளை பாரு.”

“சார், ஒரு நிமிஷம்,” என்று ஒற்றைச் செருப்போடு திரும்பினான் வில்பிரட்.

அதற்குள் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிவிட்டார்கள்.