அழைக்காமல் வந்த நரம்பு

முதல் விசிலில் அவருக்குக் கை தவறியது.

காது மிஷின் மடியில் விழுந்தது. வேட்டி மடிப்பில் தேடி எடுப்பதற்குள் ஆவி அடங்கிவிட்டது.

குக்கர் விசில் அவருக்குக் கேட்காது. கண்ணுக்குத் தெரியும்.

எதிரே முக்காலியின் மேல் எவர்சில்வர் குடம். அதன் வயிற்றில், அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சமையலறை முழுவதும் தெரியும். அடுப்பு, குக்கர், தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆயும் மனைவி. மனைவி கொஞ்சம் குண்டாகத் தெரிவாள். அது குடத்தின் குற்றம்.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஒன்பது வருடமாக அசைகின்றன. அவர் காது போனதிலிருந்து. தினமும் காலையில், அவர் முதுகைப் பார்த்து, அரை மணி நேரம். சாமி பெயர் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். சாமியிடம் யாரும் அப்படிக் கரண்டியை நீட்டிப் பேசமாட்டார்கள்.

என்ன சொல்கிறாள் என்று கேட்கத்தான் மிஷின் வாங்கப் போனார்.

போன இடத்தில்தான் தெரிந்தது. மிஷின் காதுக்குள் நுழைந்தால் அவருக்கு இருமல் வருகிறது.

டாக்டர் நான்கு மிஷின் மாற்றிப் பார்த்தார். நான்குக்கும் இருமினார். நான்காவது வெளிநாட்டுச் சரக்கு. அதற்கு இருமிய இருமலில், வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள்.

டாக்டர் காரணம் சொல்ல ஆரம்பித்தார். இவர் சொல்ல விடவில்லை.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு மியூசியத்தில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர். அங்கே பலாப்பழம் அளவில் ஒரு பிளாஸ்டர் காது உண்டு. அதைத் தினமும் துடைத்தவர். துடைத்தபடியே மூன்று பேராசிரியர்களைத் திருத்தியவர். ஒருவர் அது தாங்காமல் கண் பிரிவுக்கு மாற்றல் வாங்கிப் போனார்.

காதுக்கு நாலாபக்கமிருந்தும் நரம்பு வருகிறது. கழுத்திலிருந்து வருகிறது. தாடையிலிருந்து வருகிறது. முகத்து நரம்பு, தான் வர முடியாமல் ஒரு சின்னக் கிளையை அனுப்பிவைக்கிறது.

இவையெல்லாம் அழைத்ததால் வந்தவை.

ஒன்று மட்டும் அழைக்காமல் வருவது. மூளையில் கிளம்பித் தொண்டை, நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றும் நரம்பு. போகிற வழியில் காதுக் குழாய்க்குள் ஒரு காலை நீட்டி வைத்திருக்கிறது. அந்தக் காலை மிதித்தால் தொண்டை இருமும். நூறில் இரண்டு மூன்று பேருக்கு.

வாங்கி வந்த மிஷினை மாட்டியதும் அவர் இருமுவார். குடத்தில் அவள் வாய் மூடிக்கொள்ளும்.

“என்ன சொன்னே?”

“ஒண்ணுமில்ல.”

பத்து நாளாக இதுதான் நடந்தது.

பதினோராவது நாள் குக்கரைப் பார்த்து யோசனை வந்தது. விசிலோடு சேர்த்து இருமிவிட்டால் யாருக்குத் தெரியும்?

சோற்றுக்கு மூன்று விசில். இந்த வீட்டில் நான்காவது அடித்ததே இல்லை.

இரண்டாவதில் மிஷினைத் தலைகீழாகச் செருகினார். மூன்றாவதில் அது காது மடலிலேயே வழுக்கியது.

போச்சு.

குடத்தில் மறுபடி ஆவி எழுந்தது.

மாட்டினார். இருமினார். காதுக்குள் ஒரு ரயில் போயிற்று.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு விசில் அடித்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

“காது போனப்புறந்தான் உங்ககிட்ட ஒரு பேச்ச முழுசா பேசுறேன். அதுக்கு முன்னாடி எதையாவது முடிக்க விட்டிருக்கீங்களா? கொடைக்கானல் போனோமே, எண்பத்தொண்ணுல...”

எண்பத்திரண்டு.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எண்பத்திரண்டு, மே மாதம்.

அவள் அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். யாராவது திருத்துவதற்கு இடம் விட்டதுபோல.

தொண்டை அரித்தது. அங்கே போவதும் அதே நரம்புதான்.

எச்சிலை விழுங்கினார்.

அவரைக்காயில் நார் உரியும் சத்தம் கேட்டது. அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“ஏரிக்கரையில அழுதேன். கண்ணுல தூசின்னேன். டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்திருந்துச்சு, தேவகோட்டையில. பைக்குள்ளதான் வச்சிருந்தேன். ‘ஒம்பதாந்தேதி ஒரு தபால் வந்துச்சு’ன்னு ஆரம்பிச்சேன். ‘ஒம்பது ஞாயித்துக்கெழம, தபால் வராது’ன்னீங்க. அன்னைக்கிப் பூரா காலண்டரப் பத்தியே பேசுனீங்க. காகிதத்தத் தண்ணியில விட்டுட்டேன். கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு.”

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதில் சந்தேகமில்லை.

அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் சோறு களியாக இருந்தது.

பருக்கை பருக்கையாகக் குற்றம் கண்டுபிடிக்கிறவர். அவள் கரண்டியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

இலையைப் பார்த்துக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

“இன்னொரு கரண்டி போடு.”

மறுநாள் காலை குடம் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. முக்காலி, அவர் நாற்காலிப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்திருந்தது.